ரெசின் டப்பாவோடு ஒரு தமிழ்த் தாளும் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்னையில் இப்போது எந்தக் கைவினைக் கடைக்குப் போனாலும் ரெசின் கிட், அதாவது கலந்து ஊற்றினால் கெட்டிப் பிளாஸ்டிக்காக இறுகும் திரவங்கள் உள்ள டப்பா, கிடைக்கிறது. கோஸ்டர், சாவிக்கொத்து, கல்யாண மாலையை ரெசினில் பதித்து வைப்பது என்று அந்த வேலை பரவியிருப்பதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அதே ரெசினில் ரயில், பஸ், கார் என்று ஸ்கேல் மாடல் (நிஜத்தின் அளவைச் சரியான விகிதத்தில் சுருக்கிய சின்ன உருவம்) செய்ய ஆசைப்படும் பிள்ளைகளுக்கு ஆரம்பத்தைச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. தப்பான டப்பாவை வாங்கி, ஒட்டிப்போன அச்சும் அரிக்கும் கையுமாக உட்கார்ந்து, பாதியில் விட்டுவிடுகிறார்கள். விற்கும் கடைக்காரர்கள் கூடவே தமிழில் ஒரே ஒரு தாள் அச்சடித்துக் கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும். அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

மாடலுக்கு ரெசின் எதற்கு, கிட் வாங்கி ஒட்டினால் போதாதா என்று கேட்பார்கள். தமியா போன்ற ஜப்பான் கம்பெனிகளின் பிளாஸ்டிக் கிட்டுகள் உலோக அச்சில் ஆயிரக்கணக்கில் அடிக்கப்படுபவை. அந்த அச்சுக்கு ஆகும் செலவுக்கு அவர்கள் உலகம் முழுக்க விற்கிற டாங்கியையும் விமானத்தையும்தான் போடுவார்கள். கடற்கரை – தாம்பரம் பாதையில் 1931 முதல் 2004 வரை ஓடிய நம் மீட்டர்கேஜ் மின்சார ரயிலைப் போடுவார்களா? இல்லை, பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் 1955 தொடங்கி 2018 வரை செய்த பழைய வகைப் பெட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பெட்டிக்கு இரண்டு போகி (பெட்டிக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டம்), ஒரு போகிக்கு இரண்டு பக்கம், ஆக பத்துப் பெட்டி வண்டிக்கு ஸ்பிரிங்கும், அச்சாணி முனையை மூடும் ஆக்சில் பாக்ஸும் தெளிவாகத் தெரிகிற போகிப் பக்கங்கள் நாற்பது வேண்டும். நாற்பதையும் பிளாஸ்டிக் ஷீட்டில் வெட்டி ஒட்ட யாருக்குப் பொறுமை இருக்கும்? ஒன்றே ஒன்றை உயிரைக் கொடுத்துச் செய்து சிலிகான் ரப்பரில் அச்செடுத்துவிட்டால் மீதியை வார்த்துக்கொள்ளலாம். கொசப்பேட்டையில் கொலு பொம்மை செய்கிறவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்வதும் இதே அச்சு வேலைதான், இந்த ஊருக்கு இது புதுசு இல்லை.

சரி, எந்த ரெசின்? குழப்பமே இங்கேதான். பாரிமுனைப் பக்கம் போய் வெறுமனே ரெசின் என்று கேட்டால் ஃபைபர்கிளாஸ் வேலைக்கான பாலியெஸ்டர் வகை ரெசினைக் கொடுத்துவிட வாய்ப்புண்டு. விலை குறைவு, ஆனால் நாற்றம் தாங்காது, இறுகும்போது நன்றாகச் சுருங்கும், அளவு முக்கியமான மாடலுக்குச் சரிப்படாது. அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு: அதோடு வரும் கோபால்ட் ஆக்சிலரேட்டரும் (இறுகுவதை வேகப்படுத்தும் திரவம்) எம்.இ.கே.பி. ஹார்டனரும் (இறுக வைக்கும் திரவம்) நேரடியாக ஒன்றோடொன்று கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். கோபால்ட்டை ரெசினில் முழுக்கக் கலந்த பிறகுதான் ஹார்டனரைத் தொட வேண்டும். இதைக்கூடச் சொல்லாமல் இரண்டு பாட்டிலையும் ஒரே கவரில் போட்டுக் கொடுப்பதை எப்படி ஏற்றுக்கொள்வது?

கைவினைக் கடையில் கிடைப்பது எபாக்ஸி என்ற இன்னொரு வகை. மெதுவாக, ஒரு நாள் எடுத்து இறுகும், சுருக்கம் குறைவு, புதிதாகத் தொடங்குகிறவர் அவசரமில்லாமல் ஊற்றலாம். மே மாத வெயிலில் மட்டும் கவனம் வேண்டும், ஒரே கப்பில் நிறையக் கலந்து வைத்தால் தானாகச் சூடேறிப் புகையவே ஆரம்பித்துவிடும். மாடல்காரர்கள் அதிகம் விரும்புவது பாலியூரித்தேன் என்ற மூன்றாவது வகை. பல வகைகளில் இரண்டு திரவத்தையும் சம அளவு கலந்து சில நிமிடத்துக்குள் ஊற்றிவிட வேண்டும், அரை மணிக்குள் பொருள் கையில் வந்துவிடும், அறுக்கவும் ராவவும் சுகமாக இருக்கும். ஆனால் அதிலுள்ள ஐசோசயனேட் என்ற ரசாயனம் தண்ணீரைக் கண்டால் கார்பன் டை ஆக்சைடு வாயுவை வெளியிடும், வார்ப்பு முழுக்கக் குமிழியாகிவிடும். நம் கடற்கரை ஊர்ப் புழுக்கத்தில் திறந்த பாட்டில் சீக்கிரம் கெட்டுவிடும். சின்ன பாட்டிலாக வாங்குங்கள், எடுத்ததும் மூடுங்கள், ஐப்பசி மழையில் இந்த வேலையே வேண்டாம். முதல் முயற்சிக்கு எபாக்ஸி போதும் என்பது என் கருத்து.

அச்சுக்கு வருகிறேன். ஒரு பக்கம் தட்டையாக இருக்கும் உருப்படியில் தொடங்குங்கள், அந்தப் போகிப் பக்கம் மாதிரி. சமதளமான அட்டையில் அதை ஒட்டி, சுற்றிலும் பிளாஸ்டிக் ஷீட்டால் வேலி கட்டி, இடுக்கெல்லாம் அடைத்துவிட்டு, சிலிகானை ஒரு மூலையில், உயரத்திலிருந்து நூல் மாதிரி மெல்லிசாக ஊற்றினால் அது தானே பரவிக் காற்றைத் தள்ளிக்கொண்டு போகும். அச்சுச் சிலிகானில் பிளாட்டினம், டின் என்று இரண்டு வகை உண்டு. பிளாட்டினம் வகைக்குக் கந்தகம் ஆகாது. கந்தகம் கலந்த மாடலிங் களிமண்ணோ ரப்பர் கையுறையோ பட்டால் அந்த இடம் இறுகாமல் பிசுபிசுவென்றே நிற்கும். டின் வகை அவ்வளவு முரண்டு பிடிக்காது, விலையும் குறைவு. ஹார்டனரைக் கண்ணளவில் ஊற்றாதீர்கள், எடை மெஷின் கட்டாயம். ரெசின் ஊற்றுவதற்கு முன் அச்சில் கொஞ்சம் டால்கம் பவுடரைத் தூவித் தட்டிவிட்டால் நுணுக்கமான மூலைகளுக்குள்ளும் ரெசின் இறங்கும். எல்லாப் பக்கமும் வடிவம் உள்ள உருப்படிக்கான இரண்டு பாதி அச்செல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

குமிழியை ஒழிக்க வெளிநாட்டுக்காரர்கள் பிரஷர் பாட் என்ற கெட்டியான மூடிய பாத்திரத்துக்குள் அச்சை வைத்து, காற்றை அடைத்து 40 முதல் 60 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) வரை அழுத்தம் கொடுப்பார்கள். தயவுசெய்து யாரும் வீட்டுக் குக்கரில் கம்ப்ரஸரை மாட்டி அதைச் செய்து பார்க்காதீர்கள். குக்கர் விசில் தூக்குவது 15 பி.எஸ்.ஐ.யில், அது தாங்க வேண்டியதும் அவ்வளவுதான்.

இதையெல்லாம் நான் சொல்வது பயமுறுத்த இல்லை, பிள்ளைகள் இந்த வேலையை நீண்ட நாள் செய்ய வேண்டும் என்றுதான். எபாக்ஸி தொடர்ந்து தோலில் பட்டால் ஒவ்வாமை வரும், ஒருமுறை வந்துவிட்டால் பிறகு துளி பட்டாலும் தடிக்கும். ஐசோசயனேட் நுரையீரலில் அதே வேலையைச் செய்து ஆஸ்துமாவில் கொண்டுபோய் விடும். நைட்ரைல் கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து, முடிந்தால் மொட்டை மாடியில் செய்யுங்கள். ஆவிக்கான ஃபில்டர் உள்ள மாஸ்க் வேண்டும், துணி மாஸ்க் ஒன்றுக்கும் உதவாது. இறுகிய வார்ப்பைத் தேய்க்கும்போது தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூசி பறக்காது. மிச்ச ரெசினைச் சிங்க்கில் கொட்டாமல் கப்பிலேயே இறுக விட்டுக் குப்பையில் போடுங்கள், அந்தக் கப் மறுபடி சமையலறைக்குள் போகக் கூடாது.

கடைக்காரர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான்: இது எந்த வகை ரெசின், எடையிலா அளவிலா என்ன விகிதம், எந்தக் கையுறை, என்ன மாஸ்க், கண்ணில் பட்டால் என்ன செய்வது என்று தமிழில் ஒரு பக்கம். கம்பெனிகளின் பாதுகாப்புத் தாள் ஆங்கிலத்தில் பல பக்கம் இருக்கிறது, எட்டாம் வகுப்புப் பையன் அதைப் படிக்க மாட்டான். இன்னொரு வேண்டுகோளும் உண்டு. 1968 முதல் கிண்டியில் சிப்பெட் இருக்கிறது, பிளாஸ்டிக்கையும் அச்சையும் சொல்லித்தரவே ஏற்பட்ட மத்திய அரசு நிறுவனம். கோடை விடுமுறையில் சனி, ஞாயிறு மட்டும் பள்ளி மாணவர்களுக்குச் சிலிகான் அச்சும் ரெசின் வார்ப்பும் ஒரு சின்ன வகுப்பாக அங்கே நடத்த முடியுமா என்று உங்கள் நாளிதழ் வழியாகக் கேட்கிறேன். நடந்தால் மாணவர்களுக்குக் காட்ட, போகிப் பக்கத்தின் மாஸ்டரையும் (அச்செடுக்கக் கையால் செய்த முதல் உருப்படி) அச்சையும் எடுத்துக்கொண்டு நானும் வரத் தயார்.

இப்படிக்கு,
பெரம்பூர் வாசகர் ஒருவர்,
சென்னை