செண்பகத்துக்கு, மாங்காய்ச் சட்னி விஷயமாக

பெரியகுளம்
வைகாசி மாதம்

அன்புள்ள செண்பகம்,

இங்கே எல்லோரும் நலம். மாசியில் நீ போட்ட கடிதத்துக்கே இன்னும் பதில் வரவில்லை என்று கோபமாக இருப்பாய். அந்தக் கோபத்தை அப்படியே எடுத்து வை, ஆவணியில் கல்யாணத்துக்கு வரும்போது சேர்த்துத் திட்டிக்கொள்ளலாம். பெரியவனுக்கு மதுரைக்கு மாற்றல் கிடைத்துவிட்டது. மாமியாருக்கு முழங்கால் வலி தேவலை. செய்தி அவ்வளவுதான்.

நான் அவசரமாக எழுத உட்கார்ந்ததற்கு உன் சின்ன மகள்தான் காரணம். "அம்மா இந்த வருஷம் மாங்காய்ச் சட்னி போடப் போகிறாள் பெரியம்மா. சர்க்கரை கிடையாது, வெல்லம்தான், அதுவும் பாதி. வினிகரும் வேண்டாமாம். அப்பாவும் தாராளமாகச் சாப்பிடலாமாம்" என்று போனில் சொன்னாள். கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. விடுதி மூன்றாம் மாடியில் நீ வைத்த ரசத்தைக் குடித்தவள் நான். எதையாவது குறைக்கிறேன் என்று நீ கிளம்பினால் எனக்குப் பயம் வருவது நியாயம்தானே?

சட்னி போடாதே என்று சொல்லவில்லை. அவசியம் போடு. கோடைக் காற்றில் கும்பக்கரைத் தோட்டத்தில் ஏகப்பட்ட கல்லாமை மாங்காய் உதிர்ந்துவிட்டது. கீழே விழுந்த காயை வியாபாரி கையால் தொட மாட்டார். அடிபடாததைப் பொறுக்கிக் கொண்டுவந்து, இப்போது சமையற்கட்டு முழுவதும் அதுதான். உங்கள் ஊர்ச் சந்தையில் கிளிமூக்கு என்று கேள், அதே காய்தான். ஆனால் செங்காயாகப் பார்த்து வாங்கு. வெளியே பச்சை, அறுத்தால் உள்ளே இளமஞ்சள், அழுத்தினால் விரல் பதியக் கூடாது. நன்றாகப் பழுத்தது கொதியில் கரைந்து கூழாகிவிடும். சட்னியில் துண்டு பல்லில் பட வேண்டும், அதில்தான் ருசியே.

தோல் சீவி நறுக்கிய துண்டு ஒரு கிலோவுக்கு முக்கால் கிலோ சர்க்கரை, 200 மில்லி வினிகர், 40 கிராம் உப்பு, 50 கிராம் இஞ்சி, அதில் பாதி பூண்டு, இரண்டு கைப்பிடி உலர்ந்த திராட்சை. காரத்துக்கு ராமநாதபுரம் முண்டு மிளகாயை ஒன்றிரண்டாக இடித்துப் போடு. தூளைப் போட்டால் நிறம் மட்டுமே வரும். இடித்ததைப் போட்டால் இனிப்பு நாக்கில் தங்கிய பிறகு காரம் மெல்ல எழும்பி வரும், அதற்காகவே நான் இதைப் போடுகிறேன். கடைசியில் ஒரு சிட்டிகை கருஞ்சீரகம். அடி கனத்த எவர்சில்வர் பாத்திரம்தான் வேண்டும். உன் பாட்டியின் பித்தளை உருளி எவ்வளவு அழகானாலும் இதற்கு ஆகாது, புளிப்பு அதை அரித்துவிடும். அலுமினியமும் அப்படித்தான்.

மாங்காயில் உப்பும் சர்க்கரையும் பிசறி ஒரு மணி நேரம் வைத்தால் தானே நீர் விடும். மிளகாய், இஞ்சி, பூண்டு, திராட்சையைச் சேர்த்துச் சிறு தீயில் வை. துண்டுகளின் ஓரம் கண்ணாடி மாதிரி ஆனதும் பக்கத்திலேயே நில். கரண்டியால் பாத்திரத்தின் அடியில் ஒரு கோடு இழுத்துப் பார். பாகு ஓடிவந்து உடனே மூடினால் இன்னும் ஆகவில்லை. அடி ஒரு கணம் பளிச்சென்று தெரிந்து, பிறகு சோம்பலாக மூடினால் வினிகரை ஊற்றலாம். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள், அந்த நெடி தொண்டையைப் பிடிக்கும். மறுபடி கோடு நிற்கும்வரை கொதிக்கவிட்டு, வெந்நீரில் கொதித்த பாட்டிலில் சூட்டோடு நிரப்பி மூடு. மூன்று வாரம் தொடாதே. புதிதில் வினிகர் தனியாகக் குத்தும், நாளானால் அடங்கிவிடும்.

இனி நான் சொல்லப்போவதைக் கவனமாகப் படி. பச்சைக் காயாக இருந்தால் அதன் புளிப்பே ஓரளவு காக்கும். செங்காயில் புளிப்பு இறங்கியிருக்கும், எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று நாக்கு சொல்லாது. காற்றுப் புகாத பாட்டிலில் பூண்டும் இஞ்சியும் போதிய புளிப்பில்லாமல் கிடந்தால் நஞ்சு சுரக்கும் கிருமி வளர இடமுண்டு. கெட்டுப்போனது மணத்திலோ நிறத்திலோ தெரிய வேண்டும் என்றுகூட இல்லை. சர்க்கரை, காயில் இருக்கிற ஈரத்தைக் கிருமிக்குக் கிடைக்காமல் பிடித்துக்கொள்கிறது, வினிகர் புளிப்பை உறுதி செய்கிறது. கடையில் விற்கும் மாங்காய்ச் சட்னிக்கே, சர்க்கரை, உப்பு மாதிரிக் கரைந்த திடப்பொருள் 50 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, புளிப்பை அளக்கும் பிஎச் (எண் ஏற ஏறப் புளிப்பு குறைவு) 4.6-ஐத் தாண்டக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு விதி இருக்கிறது. குறைத்துத்தான் போடுவேன் என்றால் ஒரு சின்னக் கிண்ணம் அளவு போட்டு, குளிர்பெட்டியில் வைத்து, சில நாளில் தீர்த்துவிடு. அலமாரியில் வைக்காதே, பேரனுக்குப் பார்சலும் கட்டாதே.

அடுத்து உன் வீட்டுக்காரர், நம்ம அண்ணன் விஷயம். வெல்லம் என்றால் சர்க்கரை நோய்க்குப் பரவாயில்லை என்று உனக்கு யார் சொன்னது? வெல்லத்திலும் பெரும்பகுதி அதே கரும்புச் சர்க்கரைதான். கூட இருக்கிற துளி இரும்புச்சத்துக்காக ரத்தத்தில் சர்க்கரை ஏறாமல் இருக்காது. கருப்பட்டியும் அப்படித்தான். போன வருடம் அவர் கால் புண் ஆற எத்தனை மாதம் ஆனது, நீ எப்படித் துவண்டு போனாய் என்று பார்த்தவள் நான். இது நல்ல சட்னி என்று நீயே கிண்ணத்தில் போட்டு வைத்தால் அந்த மனிதர் மறுக்கவா போகிறார்? நீ கொடுத்து அவர் எதை மறுத்திருக்கிறார்?

அவருக்குப் பச்சை மாங்காய், கொஞ்சம் தேங்காய், இரண்டு பச்சை மிளகாய், உப்பு, பெருங்காயம் வைத்து அன்றன்றைக்குத் துவையல் அரைத்துக் கொடு. இனிப்பில்லாமலேயே அவர் தட்டை வழிப்பார், எனக்குத் தெரியும். சட்னிப் பாட்டிலை உன் மகள் வீட்டுக்கு அனுப்பிவிடு, கண்ணில் படவே வேண்டாம்.

பதில் எழுதும்போது கல்யாணப் புடவைக் கதையெல்லாம் பின்னால் வைத்துக்கொள். அண்ணனுக்குக் கடைசியாக எடுத்த மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை எவ்வளவு என்பதை முதல் வரியில் எழுது. பரிசோதனையே எடுக்கவில்லை என்றால் இந்த வாரமே அழைத்துக்கொண்டு போ.

அன்புடன்,
மரகதம்