எனக்குக் காதாக இருந்தவர்களுக்கு நன்றி

தூரத்து வானொலி நிலையங்களைத் தேடிப் பிடித்துக் கேட்கும் டிஎக்ஸ் பொழுதுபோக்கில் கூட இருக்கும் அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

மத்திய அலையில் (மீடியம் வேவ்) வெகு தொலைவிலிருந்து மங்கலாக வந்து போன ஒரு சிறு வானொலி நிலையம், நான் கேட்டது தங்கள் ஒலிபரப்பைத்தான் என்று உறுதி செய்து க்யூஎஸ்எல் அட்டை அனுப்பியிருக்கிறது. அட்டையில் இருப்பது என் பெயர் ஒன்றுதான். அந்த இரவு ரேடியோவின் முன்னால் உட்கார்ந்திருந்ததும் நான் ஒருவன்தான். ஆனாலும் அந்த நிலையத்தை நான் தனியாகப் பிடிக்கவில்லை. எத்தனையோ பேர் சொல்லிக்கொடுத்தது, செய்துகொடுத்தது, விட்டுக்கொடுத்தது எல்லாம் சேர்ந்துதான் அது என் காதுக்கு வந்தது. அவர்களுக்கு நன்றி சொல்லவே இந்த மடல்.

முதல் நன்றி, ரேடியோவைத் திருப்பக் கற்றுக்கொடுத்த பெரியவருக்கு. மத்திய அலை ரேடியோ பெட்டிக்குள் கறுப்பாக ஒரு ஃபெரைட் குச்சி இருக்கும். அதன்மேல் சுற்றிய கம்பிதான் ஆன்டெனா. குச்சியின் பக்கவாட்டை நிலையத்தின் திசைக்குக் காட்டினால் ஒலி நன்றாக வரும். நுனியைக் காட்டினால் அடங்கிவிடும். எல்லோரும் ஒலி கூடும் பக்கத்தைத்தான் தேடுவார்கள். அவர் என்னை அடங்கும் பக்கத்தைத் தேடச் சொன்னார். "வேண்டிய நிலையத்தை அப்புறம் பார்க்கலாம், வேண்டாததை முதலில் அடக்கு" என்பார். ஒலி கூடும் இடம் அகலமானது, ரேடியோவைக் கொஞ்சம் அசைத்தாலும் பெரிய மாற்றம் தெரியாது. அடங்கும் இடமோ மிகக் குறுகியது. அதைச் சரியாகப் பிடித்துவிட்டால், பக்கத்து ஊரிலிருந்து ஓங்கி ஒலிக்கும் நிலையம் தணிந்து, அதே அதிர்வெண்ணில் அதற்கு அடியில் இருந்த வேறொரு குரல் மேலே வரும். முதல் முறை அப்படி ஒரு குரல் எழுந்து வந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. இந்தப் பொழுதுபோக்கில் நான் கற்ற எதையும் இதற்கு இணையாக வைக்க மாட்டேன்.

அவரே எனக்கு ஒரு லூப் ஆன்டெனாவும் செய்து கொடுத்தார். மரச்சட்டத்தில் கம்பியைச் சுற்றி, பழைய ரேடியோவிலிருந்து எடுத்த வேரியபிள் கன்டென்சரை அதில் இணைத்தது. ரேடியோவோடு எந்த ஒயரும் சேர்க்க வேண்டியதில்லை. பக்கத்தில் வைத்து, கன்டென்சரைத் திருப்பி அதே அதிர்வெண்ணுக்குக் கொண்டுவந்தால் போதும், சைகை (சிக்னல்) தானாகவே ஃபெரைட் குச்சிக்குள் பாயும். மின்சாரமே இல்லாமல் இவ்வளவு வலு எங்கிருந்து வருகிறது என்று இன்றும் வியப்பாக இருக்கிறது.

அடுத்த நன்றி, பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு. மத்திய அலைக்கு இன்று தூரத்தைவிடப் பெரிய எதிரி இரைச்சல்தான். மொபைல் சார்ஜர், எல்இடி விளக்கு, இன்வெர்ட்டர், டிவி பெட்டி என்று ஸ்விட்சிங் முறையில் மின்சாரத்தை மாற்றும் எந்தக் கருவியும் மத்திய அலை முழுக்க ஒரு கொரகொரப்பைப் பரப்பக்கூடும். எங்கள் வீட்டு மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, பேட்டரி ரேடியோவில் கேட்டுப் பார்த்தேன். இரைச்சல் அப்படியே இருந்தது. அப்படியென்றால் அது வெளியிலிருந்து வருகிறது. கையில் ரேடியோவோடு போய் இதைச் சொன்னபோது அவர்கள் என்னை விசித்திரமாகப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. அறை அறையாகக் கூட்டிக்கொண்டு போய், ஒவ்வொரு பிளக்காகக் கழற்றிக் காட்டினார்கள். ஒரு விளக்கின் அடாப்டரைக் கழற்றியதும் ரேடியோ அமைதியானது. மறுநாளே அதை மாற்றிவிட்டார்கள். அவர்களுக்கு இதனால் ஒரு பயனும் இல்லை. எனக்கோ அலைவரிசையின் பாதி திரும்பக் கிடைத்தது.

நான் கேட்கும் நேரத்தில் விளக்கையும் மிக்ஸியையும் அணைத்துவைத்துப் பொறுத்துக்கொண்டு, நடுராத்திரி அலாரத்தையும் மன்னித்த என் வீட்டாருக்கும் நன்றி.

ஏன் நடுராத்திரி என்று புதிதாக வருபவர்கள் கேட்பதுண்டு. பகலில் வானில் சுமார் 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் டி அடுக்கு என்ற மின்னேற்றக் காற்றடுக்கு மத்திய அலையை விழுங்கிவிடும். சூரியன் மறைந்ததும் அந்த அடுக்கு கலைந்துவிடுவதால், அதற்கு மேலே உள்ள அடுக்குகள் வரை அலை ஏறித் திரும்புகிறது. அலையைத் திருப்பி அனுப்பும் அப்படி ஒரு மின்னடுக்கு மேலே இருக்க வேண்டும் என்று 1902இல் கென்னலி, ஹெவிசைடு என்ற இரு அறிஞர்கள் தனித்தனியே சொன்னார்கள். 1924இல் ஆப்பிள்டன் என்ற இயற்பியலாளர் ஒரு பிபிசி டிரான்ஸ்மிட்டரின் துணையோடு அதைச் சோதனையில் காட்டினார். 1947இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அலை இவ்வளவு தூரம் எப்படி வந்து சேர்கிறது என்று அன்றைக்கே மண்டையைக் குடைந்துகொண்டவர்கள் அவர்கள். அவர்களுக்கும் என் வணக்கம்.

விடியும் வரை உட்காரச் சொன்ன நண்பருக்குத் தனி நன்றி. கிழக்கே பொழுது புலர்ந்த நாடுகளின் நிலையங்கள் ஒவ்வொன்றாக மறைந்துகொண்டே வரும்போது, இன்னும் இருட்டில் இருக்கும் மேற்கத்திய நிலையங்களுக்கு இடம் கிடைக்கிறது. தூக்கம் கண்ணைச் சுழற்றும் அந்த நேரம்தான் பல இரவுகளில் மிக நல்ல நேரம்.

சரி, ஒரு குரல் கேட்டாயிற்று. அது யார்? இங்கேதான் உங்களில் பலர் வருகிறீர்கள். அமெரிக்கக் கண்டங்களுக்கு வெளியே மத்திய அலை நிலையங்கள் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் நிற்கின்றன. அமெரிக்கக் கண்டங்களில் பெரும்பாலும் 10 கிலோஹெர்ட்ஸ். அதனால் 531 முதல் 1602 கிலோஹெர்ட்ஸ் வரை உள்ள எங்கள் எண்கள் எல்லாம் 9ஆல் வகுபடும். வகுபடாத ஓர் எண்ணில் மெல்லிய சைகை தென்பட்டால் நிமிர்ந்து உட்கார வேண்டும் என்று சொல்லித்தந்தது நீங்கள். பட்டியலில் ஒரே அதிர்வெண் என்று இருந்தாலும், ஒவ்வொரு டிரான்ஸ்மிட்டரும் சில ஹெர்ட்ஸ் அங்கே இங்கே விலகி நிற்கும். அந்த விலகலைப் பொறுமையாக அளந்து எழுதிவைக்கும் நண்பர்களே, குரலே புரியாத நேரத்திலும் உங்கள் குறிப்புகள் எனக்குத் துப்பு கொடுக்கின்றன. நிலையம் மூடியது, திறந்தது, நேரம் மாற்றியது என்று பட்டியல்களைச் சலிக்காமல் திருத்துகிறவர்களையும் இங்கே நினைக்கிறேன். நீங்கள் நிறுத்தினால் நாங்கள் எல்லோரும் இருட்டில்தான் துழாவ வேண்டும்.

மொழி தெரிந்தவர்களுக்கு என்ன சொல்வது? மணி அடிக்கும் நேரத்தில் நிலைய அறிவிப்பு வரும், அதே நொடியில் ஒலி தேய்ந்து போகும். பாதி வார்த்தை மட்டும் கிடைக்கும். அந்த ஒரு நிமிடப் பதிவை உங்களுக்கு அனுப்புவேன். ஒருவர் மொழி எது என்பார். இன்னொருவர் விளம்பரத்தில் வந்த ஊர்ப் பெயரைப் பிடிப்பார். வேறொருவர் பின்னணி இசையை வைத்தே நிலையத்தைச் சொல்லிவிடுவார். இப்போது அட்டை அனுப்பிய நிலையமும் அப்படித்தான் அகப்பட்டது. என் காதுக்கு வெறும் முணுமுணுப்பாகப் பட்டது, அந்த மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட ஒரு அக்காவுக்கு மழை அறிவிப்பு. எந்த மாவட்டத்துக்கு என்பதுவரை எழுதி அனுப்பினார். அக்கா, நீங்கள் இல்லாவிட்டால் அந்தப் பதிவு என் கணினியில் பெயரில்லாத கோப்பாகத்தான் கிடந்திருக்கும்.

தங்கள் ரிசீவரை ஊரார் எல்லோரும் இணையம் வழியே பயன்படுத்தத் திறந்து வைத்திருப்பவர்களுக்கும் நன்றி. நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் இருக்கும் ரிசீவர் இதில் பலருக்கும் பழக்கமானது. அங்கே கேட்டதை நான் என் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் ஒரு நிலையம் அதன் அருகில் எப்படி ஒலிக்கிறது, அதன் அறிவிப்பு எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே காதைப் பழக்கிக்கொள்ள இதைவிட நல்ல வழி இல்லை.

கேட்டதை நிலையத்துக்குத் தெரிவிக்கும் ரிசப்ஷன் ரிப்போர்ட் எழுதக் கற்றுக்கொடுத்தவர் ஒரே விதிதான் வைத்தார்: "கேட்டதை மட்டும் எழுது, பட்டியலில் பார்த்ததை எழுதாதே." சர்வதேச நேரம், அதிர்வெண், சைகையின் வலுவிலிருந்து ஒட்டுமொத்தத் தரம் வரை ஐந்து எண்களில் சொல்லும் சின்போ மதிப்பீடு, இவற்றோடு எந்த நிமிடம் என்ன பேசினார்கள் என்பதும் இருக்க வேண்டும். "பாட்டு போட்டார்கள்" என்று எழுதினால் யாரும் நம்ப வேண்டியதில்லை.

அந்த ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு, ஒலிபரப்புக் குறிப்பேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துப் பதில் எழுதிய பொறியாளர் ஐயாவுக்கு மனம் நிறைந்த நன்றி. உங்கள் நேயர்கள் உங்கள் வட்டாரத்தில் இருக்கிறார்கள். எங்கோ இருக்கும் ஒருவன் கேட்டதால் உங்களுக்கு வருமானமும் இல்லை, கடமையும் இல்லை. ஆனாலும் டிரான்ஸ்மிட்டரின் திறன், ஆன்டெனா கோபுரத்தின் உயரம் என்று நான் கேட்காததையும் எழுதினீர்கள். கையெழுத்துப் போட்டு அனுப்பினீர்கள்.

மத்திய அலை டிரான்ஸ்மிட்டர்கள் குறைந்துகொண்டே வரும் காலம் இது. சுவிட்சர்லாந்தின் பெரோமுன்ஸ்டர் 2008 கடைசியில் மௌனமானது. ஜெர்மனியின் டாய்ச்லாண்ட்ஃபுங்க் 2015 டிசம்பர் 31இல் மத்திய அலையை விட்டது. மின்சாரச் செலவும் பராமரிப்பும் சுமைதான், எனக்குப் புரிகிறது. இத்தனைக்கும் நடுவில் இரவு முழுக்க டிரான்ஸ்மிட்டரை ஓடவிட்டுக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிலையத்துக்கும் நன்றி. கூடவே ஒரு சின்ன வேண்டுகோள்: மணிக்கு ஒரு தடவையாவது நிலையத்தின் பெயரை முழுதாக, நிதானமாகச் சொல்லுங்கள். எங்கோ ஒருவர் அதற்காகவே காத்திருப்பார்.

அடையாளம் தெரியாத பதிவுகள் என்னிடம் இன்னும் நிறைய இருக்கின்றன. மொழி தெரிந்தவர்களே, இந்த வாரக் கடைசியில் அடுத்த தொகுப்பு உங்களுக்கு வரும். புதிதாகக் கேட்கத் தொடங்குபவர் யாராவது லூப் ஆன்டெனா வேண்டும் என்றால் சொல்லுங்கள். பெரியவர் எனக்குச் சுற்றிக்கொடுத்த மாதிரியே நானும் ஒன்று சுற்றித் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் டிஎக்ஸ் நேயர்