சோதனை முடிந்ததா, பழுது இருக்கிறதா: இரண்டும் வேறு செய்தி

ஆசிரியருக்கு, வணக்கம்.

மூல நிரல் களஞ்சியங்களை இரவுதோறும் சரிபார்ப்பவை பெரும்பாலும் ஸ்கிரிப்டுகள், அதாவது தானே இயங்கும் கட்டளைத் தொகுப்புகள்தான். சோதனைக் கட்டளைகளோ இன்னும் திரைக்கு முன்னால் இருக்கும் ஆளிடமே பேசுகின்றன.

நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் மென்பொருளில், களஞ்சியத்தைச் சோதிக்கும் 'எஃப்எஸ்சிகே' கட்டளையைப் பாருங்கள். எதுவும் சுட்டாமல் கிடக்கும் பொருளை (கிட் சேமிக்கும் தரவுத் துண்டை) 'டேங்ளிங்' என்று அச்சிடும். கமிட்டை, அதாவது பதிந்த மாற்றத்தைத் திருத்தி எழுதினால் நாளடைவில் அப்படி ஒன்று மிஞ்சும், ஆபத்தில்லை. இருக்க வேண்டிய பொருள் இல்லாவிட்டால் 'மிஸ்ஸிங்' என்று அச்சிடும். அது தரவு இழப்பு. இரண்டும் வழக்கமான வெளியீட்டுத் தடமான ஸ்டாண்டர்டு அவுட்புட்டிலேயே கலந்து வருகின்றன. சிதைந்த பொருளைப் பற்றியது போன்ற பிழைச் செய்திகள் பிழைகளுக்கான தனித் தடமான ஸ்டாண்டர்டு எரரில் போகின்றன. ஏதாவது வரி வந்தாலே எச்சரிக்கும் ஸ்கிரிப்டு தினமும் 'புலி வருது' என்று கத்தும். ஸ்டாண்டர்டு எரரை மட்டும் பார்க்கும் ஸ்கிரிப்டுக்கு இழப்பு தெரியவே தெரியாது. செய்திகள் மொழிபெயர்க்கப்படுவதால், கணினியின் மொழி அமைப்பு மாறினால் சொல்லைத் தேடும் வழியும் அடைபடும்.

கட்டளை முடியும்போது திருப்பித் தரும் எண்ணான எக்ஸிட் கோட் இருக்கிறதே என்பார்கள். அதில்தான் பெரிய சிக்கல். பொருள் சிதைவுக்கு 1, எட்ட வேண்டிய பொருள் இல்லாததற்கு 2, பொருள்களைச் சேர்த்துக் கட்டிய பேக் கோப்புக்கு 4, கிளைப் பெயர் போன்ற சுட்டிகளான ரெஃப்களுக்கு 8 என்று பிட்டுகளாகக் கூட்டித் தருகிறார்கள். 6 வந்தால் 2, 4 இரண்டும் சேர்ந்தது என்று அர்த்தம். '2-க்குச் சமமா' என்று ஒப்பிட்டால் தவறிவிடும். எக்ஸிட் கோடுக்கு இருப்பது எட்டே பிட்டு. புதிய பதிப்புகளில் பொருள்களை விரைவாகத் தேட உதவும் பிட்மேப் கோப்பின் பிழைக்கு 128 ஒதுக்கியதோடு அவை தீர்ந்துவிட்டன. அபாயப் பிழையால் கிட் தானே நின்றுபோனாலும் 128தான். நினைவகம் போதாமல் இயங்குதளம் கட்டளையைக் கொன்றால், கட்டளைகளை இயக்கும் ஷெல் 137 காட்டும். பிட்டுகளாகப் பிரித்தால் அது பிட்மேப், ரெஃப், பொருள் மூன்றும் பழுது என்றாகும். உண்மையில் சோதனை முடியவே இல்லை.

கோப்புகளை ஒப்பிடும் 'டிஃப்' கட்டளை நெடுங்காலமாகச் செய்வதுபோல் 0, 1, 2 போதும்: பழுதில்லை, பழுது உண்டு, சோதிக்க முடியவில்லை. விவரத்தை மொழிபெயர்க்காத, வடிவம் மாறாத வரிகளில் தரட்டும்: பழுதின் வகை, பொருளின் அடையாள எண், பழுதுக்கு ஒரு வரி. நிலை காட்டும் 'ஸ்டேட்டஸ்' கட்டளைக்கு ஸ்கிரிப்டுகள் படிக்க ஏற்ற, மாறாத 'போர்சலின்' வடிவம் தந்தவர்களுக்கு இது எட்டாததல்ல.

அதுவரை ஸ்கிரிப்டு எழுதுவோர் கவனிக்க: வெளியீட்டைப் பைப் வழியே சொல் தேடும் 'கிரெப்' கட்டளைக்கு அனுப்பினால், ஷெல்லில் 'பைப்ஃபெயில்' அமைப்பைப் போடாதவரை கிடைப்பது கிரெப்பின் எக்ஸிட் கோடுதான். கட்டளைக்கு முன் ஆச்சரியக்குறி போட்டு 'இஃப்' நிபந்தனை எழுதி, உள்ளே எக்ஸிட் கோடைப் படித்தால் 0தான் வரும். கட்டளை முடிந்ததுமே அந்தக் கோடை ஒரு மாறியில் எடுத்து வையுங்கள். 128, அதற்கு மேல் எது வந்தாலும் சோதனை முடியவில்லை என்றே கொண்டு, பழைய காப்புப் பிரதியை அழிக்கும் படியை நிறுத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
களஞ்சியப் பராமரிப்புப் பணியிலுள்ள வாசகர்