தாளின் அடியில் இருந்த பெயர்களுக்கு

வணக்கம்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரில், ராத்திரி ஏழு மணிக்கு மேல் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறேன். 2022இல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் நான் ஒரு தன்னார்வலர். பன்னிரண்டு பேர் வருகிறார்கள், எல்லாரும் பெண்கள். நூறு நாள் வேலை முடித்து, வீட்டில் உலை வைத்து இறக்கிவிட்டு வருகிறவர்கள். என் அம்மா இதே மாவட்டத்தில் அறிவொளி இயக்கக் காலத்தில் எழுத்தும் சைக்கிளும் சேர்த்துக் கற்றவர். அதனால் இந்த வேலை எனக்குப் புதிதல்ல.

ஆனால் பாடப் புத்தகம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு பகலெல்லாம் மண் வெட்டியவர்களை ஒரு மணி நேரம் உட்கார வைப்பது கஷ்டம். எங்களைக் கரையேற்றியது இணையத்தில் நீங்கள் இலவசமாகப் போட்டு வைத்திருந்தவைதான். இந்த மடல் உங்களுக்கு.

முதலில், விக்கிமீடியா பொதுவகம் என்ற இணையப் படக் களஞ்சியத்தில் படங்களைப் பகிர்ந்தவர்களுக்கு. பஸ் ஸ்டாண்டில் நிற்கும் பேருந்துகள், சந்தைக் காய்கறி, பனைமரம், கொக்கு என்று தேடத் தேடக் கிடைத்தது. ஒரு பேருந்துப் படத்தைப் பெரிதாக அச்செடுத்து, அதன் நெற்றியில் ஊர்ப் பெயர்ச் சீட்டுகளை மாற்றி மாற்றி வைத்துப் படிக்கச் சொன்னோம். அரிமளம், அறந்தாங்கி, ஆலங்குடி, ஆவுடையார்கோவில். ஐம்பத்தெட்டு வயது அத்தை ஒருவர் முதல் இரண்டு சீட்டையும் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். ‘ர’வின் மேலும் ‘ற’வின் மேலும் விரலால் தடவினார். “இதுல ஒத்தை வளைவு இல்ல ஆயி, ரெண்டு வளைவு இருக்கு. அப்ப இதுதான் அறந்தாங்கி” என்றார். மகள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் எந்த வண்டி என்று பக்கத்தில் நிற்கிறவரைக் கேட்டு, சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வதையும் பொறுத்துக்கொண்டவர் அவர்.

அப்புறம் ஸ்டோரிவீவர். பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய தளம். தமிழ்க் கதைகளை யாரும் இறக்கி அச்செடுக்கலாம், மாற்றியும் எழுதலாம். அந்த இரண்டாவது அனுமதிதான் எங்களுக்குப் பெரிய உதவி. குழந்தைகளுக்கு எழுதிய கதையை அப்படியே கொடுத்தால் பெரியவர்களுக்கு மனம் ஒட்டாது. நம்மைச் சின்னப் பிள்ளையாக நினைக்கிறார்களோ என்று தோன்றிவிடும். அதனால் படத்தை மட்டும் காட்டி, “என்ன நடக்குது, நீங்க சொல்லுங்க” என்போம். அவர்கள் சொல்லச் சொல்ல, அவர்கள் பேச்சிலேயே நான் எழுதுவேன். மறுநாள் அது அச்சாகி வரும். தான் சொன்ன வாக்கியம் என்பதால் பாதி நினைவிலும் பாதி எழுத்திலுமாகப் படித்துவிடுவார்கள். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல வாசிப்புப் பயிற்சி இல்லை.

இணைய அகராதியான தமிழ் விக்சனரியில் சொற்களை உச்சரித்துப் பதிவு செய்தவர்களுக்கும் நன்றி. வீட்டில் பேரன் போனில் அதைக் கேட்டுவிட்டு வந்து, “மழை”யை ழகரத்தோடு சொல்லிக் காட்டுகிறார்கள்.

இன்னொரு பெரிய நன்றி, டவுனில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் தம்பிக்கு. முதல் தடவை அச்செடுத்தபோது எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக வந்தது. அந்தத் தம்பி நோட்டோ தமிழ் எழுத்துருவை இறக்கிப் போட்டு, எழுத்தின் அளவை முப்பத்தாறாக வைத்தார். கண்ணாடி இல்லாத நாலு பேருக்கும் அன்றுதான் சரியாகத் தெரிந்தது. அந்த எழுத்துருவை வடிவமைத்து எல்லாருக்கும் சும்மா கொடுத்தவர்களையும் இங்கே நினைத்துக்கொள்கிறேன்.

எடுத்த படத்துக்கும் கதைக்கும் உரியவர் பெயரை ஒவ்வொரு தாளின் அடியிலும் எழுதிவிடுவோம். பயன்படுத்த அனுமதி தரும் உரிமத்தில் முக்கியமாகக் கேட்பது அதைத்தான். “இது யாரு பேரு ஆயி?” என்று கேட்டார்கள். படம் எடுத்தவர், கதை எழுதியவர் என்றேன். “நம்மளைத் தெரியுமா அவுங்களுக்கு?” தெரியாது என்றேன். அன்றிலிருந்து தாளை வாங்கியதும் முதலில் அடியில் இருக்கும் பெயரைத்தான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறார்கள். “நல்லா இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு அப்புறம்தான் பாடம்.

திட்டத்தின் தேர்வு வருகிறது. வாசிப்பு, எழுத்து, கணக்கு என ஒவ்வொன்றுக்கும் ஐம்பது, மொத்தம் நூற்றைம்பது மதிப்பெண். கணக்குதான் கொஞ்சம் உதைக்கிறது. சந்தை விலைச் சீட்டுகளை வைத்துப் பழகிக்கொண்டிருக்கிறோம்.

இந்த மடலை வகுப்பில் வாசித்துக் காட்டினேன். கீழே அவர்களும் பெயர் எழுத வேண்டும் என்றார்கள். பதினோரு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். பன்னிரண்டாவது அக்கா போன வாரம்தான் சேர்ந்தார். கைநாட்டு வைக்க மாட்டேன், இடத்தை மட்டும் காலியாக விட்டு வை என்று சொல்லியிருக்கிறார். விட்டிருக்கிறேன்.