ஏ7 பேய் பிடிபட்டது

அன்புள்ள சுந்தரம்,

எட்டு மாதமாகக் கடிதம் போடாததற்கு நீ திட்டப்போவதை இப்போதே ஏற்றுக்கொள்கிறேன். இங்கே அனைவரும் நலம். முட்டிவலி மட்டும் என்னோடு குடித்தனம் நடத்துகிறது.

ஏ7 பேய் பிடிபட்டுவிட்டது. கல்லூரி ஆய்வகத்து பிபிசி மைக்ரோ கணினியில், கையேட்டில் இல்லாத ஏ7 என்ற அந்தக் கட்டளை, செயலி எண்களை வைத்துக்கொள்ளும் ஏ, எக்ஸ் என்ற இரண்டு ரெஜிஸ்டர்களையும் ஒரே வீச்சில் நிரப்பியதும், அது ஒளித்துவைத்த வசதி என்று நீ சாதித்ததும், அதன் செயலியான 6502-இல் பழுது என்று நான் மல்லுக்கு நின்றதும், மூன்று நாள் பேசாமல் இருந்ததும் நினைவிருக்கும். நாம் இருவருமே தோற்றோம்.

பழைய பலகையிலிருந்து கழற்றிய இரண்டு 6502 ஐ.சி.களின் பிளாஸ்டிக் உறையை மருமகனின் ஆய்வகத்தில் சூடான நைட்ரிக் அமிலத்தால் கரைத்தோம். ஒன்று உடைந்தது, மற்றொன்று பிழைத்தது. சுமார் நான்கு மில்லிமீட்டர் அகலச் சிலிக்கான் துண்டில் ஏறக்குறைய 3,500 டிரான்சிஸ்டர்கள்! மாசூட்டிய சிலிக்கான் பட்டையைப் பாலிசிலிக்கான் கோடு எங்கே குறுக்கே கடக்கிறதோ அங்கே ஒரு டிரான்சிஸ்டர். இது புரிந்துவிட்டால் மிச்சமெல்லாம் கண்வலிதான். விஷுவல் 6502 குழுவினர் 2010-இல் வெளியிட்ட முழுத் தடம் கையில் இல்லாவிட்டால் இந்த ஜன்மத்தில் முடித்திருக்கமாட்டேன்.

கட்டளையை இனங்காண 130 கோடுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தனக்கு வேண்டிய பிட்டுகளை மட்டுமே பார்க்கும். ஏ-வை மட்டும் நிரப்பும் ஏ5 கட்டளையின் கடைசி இரு பிட்டுகள் 01, எக்ஸ்-ஐ மட்டும் நிரப்பும் ஏ6-இல் 10. ஏ-வை நிரப்பும் கோடு கடைசிப் பிட்டை மட்டும், எக்ஸ்-ஐ நிரப்பும் கோடு அதற்கு முந்தையதை மட்டும் சோதிக்கின்றன. ஏ7-இல் 11 வந்ததும் இருவரும் ஒரே இலையில் பந்திக்கு உட்கார்ந்துவிட்டார்கள். தடுக்க வேண்டுமானால் கூடுதல் டிரான்சிஸ்டர்கள் வேண்டும். மற்றவர்கள் நூற்றுக்கணக்கான டாலர் கேட்ட 1975-இல் 25 டாலருக்கு விற்கத் துணிந்தவர்கள் யாரும் எழுதப்போகாத கட்டளைக்காக அந்தச் செலவைச் செய்வார்களா?

ஓரிடத்தில் ஒரு கோடு பக்கத்துக் கோட்டுக்கு இடம்விட்டு ஒதுங்கிச் செல்கிறது. கையாலேயே வரைந்த படம் இது, சுந்தரம். ஏன் அங்கே வளைத்தாய் என்று அந்தக் கையிடம் கேட்கத் தோன்றியது. 6502 திட்டத்தை நடத்திய சக் பெடில் 2019-இல் போய்விட்டார். கேட்பதற்கு இனி அந்தக் கோடுதான் மிச்சம்.

உன் பச்சை நோட்டு இன்னும் இருக்கிறதா? அதில் 8பி கட்டளை ஒவ்வொரு முறையும் வேறு விடை தருவதாகப் பட்டியலிட்டிருந்தாய். அந்தப் பக்கங்களை உடனே நகலெடுத்து அனுப்பு. பிரியாணிப் பந்தயத்தை நேரில் தீர்த்துக்கொள்வோம்.

அன்புடன்,
ராமு