கோர்னுதேயை நல்லவன் பட்டியலில் சேர்க்காதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பிரெஞ்சு எழுத்தாளர் மாப்பசானின் 'கொழுப்புருண்டை' கதையின் பாத்திரங்களை அலசிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பிரபு, ஆலை முதலாளி, ஒயின் வியாபாரி, அவர்களின் மனைவிமார் என்று ஆறு பேரையும் கட்டுரையாளர் சரியாகவே தோலுரித்திருக்கிறார். ஆனால் அந்த வண்டியில் மனசாட்சி உள்ள ஒரே ஆண் கோர்னுதேதான் என்று அவர் முடித்திருப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. கதையில் எனக்கு அதிகக் கோபம் வருவதே அவன் மீதுதான்.

கதை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். பிரான்சுக்கும் ஜெர்மானியரின் பிரஷ்யாவுக்கும் 1870இல் தொடங்கிய போரில் பிரஷ்யப் படை பிரான்சின் ரூவான் நகரைப் பிடித்துவிடுகிறது. எதிரியின் அனுமதிச் சீட்டோடு பத்துப் பேர் ஒரே குதிரை வண்டியில் ஊரை விட்டுக் கிளம்புகிறார்கள். அவர்களில் ஒருத்தி எலிசபெத் ரூசே. உடலை விற்றுப் பிழைப்பவள். ஊரார் அவளுக்கு வைத்த பட்டப்பெயர்தான் கதையின் தலைப்பு. பனியில் வண்டி ஊர்கிறது, வழியில் சாப்பாடு கிடைக்கவில்லை. மூன்று நாளுக்கென்று அவள் கட்டிக்கொண்டு வந்த கூடையை ஒன்பது பேரும் சேர்ந்து காலி செய்கிறார்கள். தோத் என்ற ஊரின் விடுதியில் ஒரு பிரஷ்ய அதிகாரி வண்டியை நிறுத்தி வைக்கிறான். அவள் தன்னோடு படுக்கச் சம்மதித்தால்தான் வண்டி நகரும் என்கிறான். அவள் மறுக்கிறாள். மற்றவர்கள் அவளைப் பேசிப் பேசியே கரைத்து அனுப்பி வைக்கிறார்கள். மறுநாள் வண்டி கிளம்பியதும் ஒருவரும் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை.

இதில் கோர்னுதே யார்? குடியரசுவாதி. இருபது வருஷமாகக் கட்சிக்காரர்களின் மதுக்கடைகளில் தாடியை பீரில் நனைத்தே அப்பன் சேர்த்த சொத்தைக் கரைத்தவன். எதிரி வருகிறான் என்றதும் ஊரைச் சுற்றிப் பள்ளம் தோண்டினான், மரங்களை வெட்டிப் போட்டான். எதிரி நெருங்கியதும் நகருக்குள் திரும்பிவிட்டான். இதையெல்லாம் மாப்பசான் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறார். எதற்காகச் சொல்கிறார் என்பது தோத் விடுதியில்தான் புரிகிறது.

அதிகாரி என்ன கேட்கிறான் என்று தெரிந்ததும் எல்லோரும் கொதிக்கிறார்கள். கோர்னுதே குவளையை மேசையில் ஓங்கி வைத்து உடைக்கிறான். அதன்பிறகு சதி நடக்கும்போது ஒதுங்கி நிற்கிறான். கட்டுரையாளர் அந்த ஒதுங்கலை நேர்மை என்று எடுத்துக்கொள்கிறார். ஒரே விடுதி, ஒரே சாப்பாட்டு மேசை. அவளைச் சுற்றி என்ன நடக்கிறது என்று தெரியாமல் இருக்க அவன் குழந்தையா? "இவர்கள் பேச்சைக் கேட்காதே" என்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். காரியம் முடிந்த இரவில், மற்றவர்கள் ஷாம்பெயின் குடித்துக் கும்மாளம் போட்ட பிறகுதான் எழுந்து நின்று, "நீங்கள் செய்தது ஈனத்தனம்" என்கிறான். அந்த வசனத்தால் அவளுக்கு என்ன ஆயிற்று? அப்போது அவள் மாடியில் இருக்கிறாள்.

விடுதிக்கு வந்த முதல் இரவில் நடந்ததைக் கட்டுரையாளர் தொடவே இல்லை. அறைக்கு வெளியே நடைபாதையில் கோர்னுதே அவளிடம் போய் நின்று, தன்னோடு படுக்கச் சொல்லிக் கெஞ்சுகிறான். பிரஷ்யர்கள் இதே கூரையின் கீழ் இருக்கும்போது இதற்குச் சம்மதிப்பது வெட்கக்கேடு என்று அவள் மறுத்துவிடுகிறாள். நாடு, நாடு என்று பேசியவனுக்கு அந்த எண்ணமே வரவில்லை. அவள் சொல்லித்தான் தெரிகிறது. அதே காரணத்துக்காகத்தான் அவள் அதிகாரியையும் மறுத்தாள். அது முழுதாகப் புரிந்திருக்க வேண்டிய ஒரே ஆள் அவன். அதனால்தான் அவன் மௌனம் மற்றவர்களின் பேச்சைவிட மோசமானது என்கிறேன்.

அப்புறம் அந்த முட்டைகள். மீண்டும் தொடங்கிய பயணத்தில் அவசரத்தில் கிளம்பிய அவளிடம் சாப்பிட ஒன்றுமில்லை. எல்லோரும் பொட்டலத்தைப் பிரிக்கிறார்கள். கோர்னுதே கோட்டுப் பையிலிருந்து நான்கு அவித்த முட்டைகளையும் ஒரு ரொட்டித் துண்டையும் எடுக்கிறான். ஓட்டை உரித்துக் காலடி வைக்கோலில் போட்டுவிட்டுத் தின்கிறான். மஞ்சள் கரு தாடியில் உதிர்கிறது. நாலில் ஒன்றை அவளிடம் நீட்டவில்லை. தின்று முடித்துக் காலை நீட்டிக்கொண்டு 'மார்செய்யேஸ்' என்ற பிரெஞ்சுப் புரட்சிப் பாடலைச் சீட்டியடிக்கிறான். பணக்காரர்களுக்கு அது எரிச்சல், உண்மைதான். ஆனால் அவனுக்கு வேண்டியதும் அந்த எரிச்சல்தான்; பக்கத்தில் அழுகிறவள் கணக்கிலேயே இல்லை. ஒயின் வியாபாரி லுவாசோ கூடப் பசித்தபோது முதலில் கை நீட்டினான், அசிங்கமான ஜோக்கை எல்லோர் முன்னும் சொன்னான். அவன் எப்படிப்பட்டவன் என்பதில் யாரும் ஏமாறப் போவதில்லை.

வண்டியில் வந்த வயதான கன்னியாஸ்திரீயைப் பற்றியும் சொல்ல வேண்டும். பணக்காரர்கள் அவரைக் கருவியாக்கினார்கள் என்று கட்டுரை ஒரே வரியில் விட்டுவிட்டது. அவர் ஜாடையாகப் புரிந்துகொண்டு உதவினாரா, விவரம் புரியாமல் பேசினாரா என்பதை மாப்பசானே முடிவு கட்டவில்லை. நோக்கம் நல்லதாக இருந்தால் கடவுள் செயலை மன்னிப்பாரா என்று பிரபுவின் மனைவி கேட்ட கேள்விக்கு, அதில் சந்தேகமென்ன என்கிறார். அம்மை கண்ட சிப்பாய்களுக்குப் பணிவிடை செய்யப் போகிறவர், வழியில் தாமதமானால் சிலர் செத்துப் போகலாம் என்றும் சொல்கிறார். ரூசே மசிவதற்கு இதுவே முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். அன்று காலைதான் அவள் உள்ளூர் கோவிலில் ஒரு ஞானஸ்நானம் பார்த்துவிட்டு வந்திருந்தாள். இவ்தோவில் குடியானவர்கள் வீட்டில் வளரும் தன் குழந்தை ஞாபகம் வந்து போயிருக்கிறாள். சில சமயம் ஜெபிப்பது எவ்வளவு நன்றாயிருக்கிறது என்று இவர்களிடமே சொல்லியிருக்கிறாள். பிரபுவின் சாமர்த்தியத்துக்கும் பெரிய மனிதர்கள் எடுத்துவிட்ட யூதித், லுக்ரேசியா போன்ற பழங்காலப் பெண்களின் கதைகளுக்கும் அசையாதவள், தான் நம்பிய இடத்திலிருந்து வந்த வார்த்தைக்கு அசைந்தாள்.

பிரெஞ்சுக் கதைகளைத் தொடர்ந்து வெளியிடப் போவதாக அறிவித்திருக்கிறீர்கள், மிகவும் சந்தோஷம். இந்தக் கதையைப் போட்டால் சுருக்காமல் போடுங்கள். பக்கம் போதாதபோது நடைபாதைக் காட்சியைத்தான் முதலில் வெட்டத் தோன்றும். அதை எடுத்துவிட்டால் கோர்னுதே வாசகர்களுக்கும் நல்லவனாகத்தான் தெரிவான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
விருதுநகர்