சி போய் டி வந்தது: கன்ட்ரோல் போர்டு தயாரிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கன்ட்ரோல் போர்டு வடிவமைக்கும் ஐயாமார்களுக்கும் அம்மாமார்களுக்கும்,

வணக்கம். காரைக்குடியில் தண்ணீர் மோட்டாருக்கு ஆட்டோமேட்டிக் பேனல் போட்டுக் கொடுக்கிறவன் நான். கானாடுகாத்தானில் ஒரு வீடு. முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். முகப்பில் உங்களைப் போன்ற ஒரு நிறுவனத்தின் மெயின் போர்டு, கிணற்றடியில் மோட்டாரை ஓட்டி நிறுத்த நான் செய்த ரிலே போர்டு, நடுவில் நீள ஒயர். நாலு வருஷம் வம்பில்லாமல் ஓடியது. இடி விழுந்து மெயின் போர்டு போனதும் அதே மாடலை வாங்கி மாட்டினேன். அதே அளவு, அதே கனெக்டர், அதே திருகு ஓட்டை. பட்டறை மேஜையில் நன்றாகத்தான் ஓடியது.

வீட்டில் டேங்க் நிரம்பியும் மோட்டார் நிற்கவில்லை. வளவில் ஆத்தங்குடிக் கல் முழுக்கத் தண்ணீர். ஆச்சி கோபப்படவில்லை. "பழசையே ரிப்பேர் பண்ணியிருக்கலாமே தம்பி" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

முதலில் புரோகிராமைச் சந்தேகப்பட்டேன், அப்புறம் ஒயரை. இரண்டு நாள் போனது. கடைசியில் சிக்னல் பின்னில் மீட்டரை வைத்தால் 3.28 வோல்ட். பழைய போர்டில் 5 வரும். போர்டைத் திருப்பிப் பார்த்தேன். மூலையில் கடுகளவில் ரிவிஷன் எழுத்து, சி இருந்த இடத்தில் டி. கன்ட்ரோலர் சிப்பே 3.3 வோல்ட் சிப்பாக மாறியிருக்கிறது.

என் ரிலே போர்டில் கட்டளையை வாங்குவது 74 எச்சி 595 என்ற ஐசி. 5 வோல்ட்டில் ஓடும்போது, உள்ளே வரும் சிக்னல் சுமார் 3.5 வோல்ட் இருந்தால்தான் 'ஆன்' என்று அது எடுத்துக்கொள்வது நிச்சயம். 3.3 இருந்தால் எடுத்தாலும் எடுக்கும், விட்டாலும் விடும். மேஜையில் அரை முழ ஒயரில் எடுத்தது. நீள ஒயரில், மோட்டார் கிளப்பும் மின் இரைச்சலில் தடுமாறியது. புதுக் கட்டளை புரியாவிட்டால் அந்த ஐசி கடைசியாக வாங்கியதையே பிடித்துக்கொள்ளும். கடைசியாக வாங்கியது 'ஓடு'.

அந்த சிக்னலை அவ்வளவு தூரம் இழுத்தது என் தப்புதான். மெயின் போர்டு பக்கத்திலேயே 74 எச்சிடி 125 என்ற ஐசி ஒன்றைச் சேர்த்தேன். அது 2 வோல்ட்டையே 'ஆன்' என்று எடுத்து, 5 வோல்ட்டாக வெளியே தரும். டீ, வடைக் காசுதான். அதற்கு மதுரைக்கு பஸ் ஏறினேன். 1953-லிருந்து சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இயங்கும் ஊர் எங்கள் காரைக்குடி என்று பெருமை மட்டும் பேசிக்கொள்கிறோம்!

சிப் கிடைக்காமல் மாற்றுகிறீர்கள், சரி. ஆனால் வோல்டேஜ் மாறினால் கனெக்டரையும் மாற்றுங்கள்; பழைய பிளக் நுழையவே கூடாது. நுழைந்தால் பொருந்தும் என்றுதானே நாங்கள் நினைப்போம்? முடியாதென்றால் பெட்டி மேலேயே 3.3 என்று கொட்டை எழுத்தில் போடுங்கள். எதிர்ப்பக்கம் இதைவிட மோசம்: 5 வோல்ட் தரும் சென்சாரை 3.3 வோல்ட் பின்னில் கொடுத்தால் சிப்பே போய்விடலாம்.

என் அலமாரியில் இன்னும் ஆறு டி போர்டு இருக்கிறது. வரும் வியாழக்கிழமை தேவகோட்டையில் ஒன்றை மாட்ட வேண்டும். எந்தெந்தப் பின் 5 வோல்ட்டைத் தாங்கும் என்று அதற்குள் ஒரு தாளாவது அனுப்பி வையுங்கள்.